தண்ணி வேணாம்னு சொல்றவங்க

வேணாம்னா வேணாம். அந்த டப்பாவ மொதல்ல உன் மடியில வெச்சுக்கோ, டீப்பாய் மேல வைக்காதே. வெச்சுட்டா அது என்னுதாயிடும். அதுக்குத்தானே வைக்கிற?

ஒக்காரு. இந்த லிஃப்ட் வேற போன வாரத்துலேந்து படுத்துக்கிச்சு. மூணு மாடி ஏறி வந்திருக்கே, மூச்சு வாங்குது. இந்தா, தண்ணி குடி.

என்னது, வேணாமா? ஒதடு காஞ்சு கெடக்கு, தாகமில்லங்குற. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்க வந்தவ, தண்ணி வேணாங்குற. நல்லாருக்கு போ.

ஓ, விக்க வரலையா. சும்மா குடுத்துட்டுப் போக வந்தியா. சரிதான். இன்னிக்கு சும்மா. அடுத்த வாரம், எப்படி இருக்கு ஆன்ட்டின்னு சும்மா விசாரிச்சுட்டுப் போவ. அதுக்கப்புறம் எனக்கே ஒரு மாதிரியாப் போயி, ஏதோ மெஷினுன்னியேம்மா, கொண்டாயேன், பாக்கலாம்னு நானே வாய விட்டுக் கேப்பேன். அப்படிப் பாக்காதே, நான் ஒண்ணும் ஜோசியக்காரி இல்ல. பட்டவ.

ஒருத்தி எனக்கு இப்படித்தான் செஞ்சா. தெரிஞ்சவதான், யாருன்னு இப்ப என்ன. வாராவாரம் வருவா. வர்றப்பல்லாம் கையில எதாவது இருக்கும். கழுத்து வலிக்குதுன்னா தலகாணி. கண்ணு மங்குதுன்னா ஊசியில நூல் கோக்குற சாமான். அதக்கூட விடு. என்னால குனிய முடியலன்னு, தரையில ஒக்காந்து என் கால மடியில வெச்சு நகம் வெட்டி விடுவா. யாரு செய்வா சொல்லு.

ஆனா ஒரு வாய் சாப்பிட மாட்டா. டயட்டும்பா. இப்பத்தான் சாப்ட்டேன்பா. அவளுக்குப் பிடிச்சதா பாத்துப் பாத்து செஞ்சு வெச்சிருப்பேன், போட்ட மூடி போட்டபடி இருக்கும். நானும் ஒரு லூசு, பரவால்ல, ஒடம்பப் பாத்துக்குறாளேன்னு நெனச்சுப்பேன்.

அப்புறம் ஒரு நாள் கேட்டா. இந்தக் கட்டடத்துப் பொம்பளைங்கள எல்லாம் ஒரு சாயங்காலம் கூப்பிடணும், இந்த ஹால் வேணும்னு. நான் எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்? அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுத்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வீடு வீடா ஏறி எறங்கினேன், இந்த முட்டிய வெச்சுக்கிட்டு. என் மொகத்துக்காக வந்தாங்க. என் மொகத்துக்காகவே அவ வித்த தண்ணி மெஷின வாங்கினாங்க. இப்பப் பாதி வீட்ல அந்த மெஷின் ஒழுகுது. படியில என்னப் பாத்தா, செல்போன நோண்டுற மாதிரி தலையக் குனிஞ்சுக்குறாங்க.

மெஷின விடு. அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு, ஒன்ன மாதிரி ரெண்டு புதுப் பொண்ணுங்களுக்கு உள் ரூம்ல பாடம் எடுத்துட்டிருந்தா. பிள்ளைங்க பசியா இருக்குமேன்னு தட்டு எடுத்துட்டுப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்துச்சு. போற வீட்ல பச்சத்தண்ணி கூடத் தொடாதீங்கங்குறா. அவங்க நமக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டாலே நம்மகிட்ட வாங்கிட்டோமேன்னு அவங்க மனசுல இருக்குற பாரம் எறங்கிடும், எறங்க விடக் கூடாதுங்குறா.

தட்டோட சமையலறைக்குத் திரும்பி வந்துட்டேன். அந்த மூடி போட்ட பாத்திரமெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

நகம் வெட்டி விட்டாளே, அதுவும் பாடத்துல சேத்தியா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா. கேக்கவும் வாய் வரல. ஃபோன் வந்தா எடுக்குறதில்ல. மணி அடிச்சா ஓட்டை வழியாப் பாத்துட்டு, சத்தம் காட்டாம நின்னுடுவேன், போயிடுவா.

என்ன, டப்பாவையே தடவிக்கிட்டிருக்கே? சரி, ஒனக்கும் வேல. நீயே தொற, கண்ணால பாத்துடுறேன்.

முட்டிக்குப் போடுற பட்டையா. இடது காலுக்குன்னு மேலயே போட்டிருக்கு.

எனக்கு முட்டி வலின்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். இடதுன்னு எவளுக்கும் தெரியாது. டாக்டரே மறந்துபோயி வலதத் தட்டிப் பாக்குறாரு. ஒனக்கு யாரு சொன்னா?

மேடமா.

இந்த வீட்டுக்குப் போன்னு அவங்களேதான் சொன்னாங்களா. ம்.

எந்திரிக்காதே, ஒக்காரு. ஒன்ன ஏன் நான் திட்டப் போறேன். அந்தத் தண்ணியக் குடி. குடிச்சத அங்க சொன்னா வேல போயிடுமோன்னு பயப்படாதே, போகாது. நான் குடுத்தேன்னு சொல்லு. முழுசாக் குடி. ஆங், அப்படி.

டப்பாவ எடுத்துட்டுப் போ. ஒங்க மேடம்கிட்ட சொல்லு, இனிமே ஆள் அனுப்ப வேணாம், அவளே வரட்டும். கையில ஒண்ணும் எடுத்துக்காம, பசியோட வரட்டும்.

அவ அம்மா சொன்னாங்கன்னு சொல்லு.