மேடு காலியாகத்தான் இருந்தது

என்னை முகாமில் எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. கணவர் உயிருடன் இல்லை. ஏரிக்கரைக் கூடார முகாமின் நுழைவு அறைக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் குடியிருக்கிறேன். தங்க வருகிறவர்களுக்குக் கூடாரம் போட இடம் காட்டுவதும், கழிப்பறைச் சாவியையும், சாமான்கள் போட்டு வைக்கும் கிட்டங்கியின் சாவியையும் வைத்திருப்பதும் என் வேலை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்து, விசாரணை அதிகாரி முன் பின்வருமாறு சொல்கிறேன்.

எங்கள் முகாமில் மேடு, பள்ளம் என்று இரண்டு பகுதிகள் உண்டு. மேட்டில் ஆறு கூடாரம் போடலாம். கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் அங்கேதான். பள்ளம் ஏரியை ஒட்டி, பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அங்கே வந்துதான் நிற்கும், வடியவும் வடியாது. அதனால் மழைக்காலத்தில் பள்ளத்தில் சிவப்புக் கொடி நட்டு வைத்து யாருக்கும் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. முதலில் வருகிறவருக்கு மேட்டில் இடம், வயதானவர் என்றால் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் என்பது முதலாளி வைத்த விதி.

சனிக்கிழமை காலை முதல் ஆளாக வந்தவர்கள் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, கைத்தடி ஊன்றித்தான் நடந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊராரைச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், தானும் மனைவியும் சுற்றுலா வருவது இதுதான் முதல் தடவை என்று டிரைவர் சொன்னார். முன்கூட்டியே போன் செய்து மேட்டில், கழிப்பறைக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டிருந்தார். நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் அதற்கு முந்தின நாள் என் தங்கை வீட்டுக்காரர் போன் செய்து, நண்பர்களோடு மதியம் வருவதாகவும், மேடு முழுவதும் தங்களுக்கு வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். என் கணவர் இறந்த பிறகு முதலாளியிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் டிரைவர் வருவதற்கு முன்பே பள்ளத்துக்குப் போய்ச் சிவப்புக் கொடியைப் பிடுங்கிக் கிட்டங்கியில் போட்டுவிட்டேன்.

டிரைவரிடம் மேடு நிறைந்துவிட்டது என்று சொல்லிப் பள்ளத்தைக் காட்டினேன். அவர் மேட்டைப் பார்த்துவிட்டு, “காலியாத்தானேம்மா கெடக்கு?” என்றார். ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் மனைவி, “விடுங்க, ஏரியப் பாத்தாப்புல நல்லாத்தான இருக்கு” என்று அவரைச் சமாதானப்படுத்தினார். அதன் பிறகு இருவரும் கூடாரத்தோடு வந்த விளக்கத்தாளை விரித்து வைத்துக்கொண்டு கம்பிகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் விழுந்தது. அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நுழைவு அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மதியம் தங்கை வீட்டுக்காரர் நண்பர்களோடு வேனில் வந்து மேட்டில் இறங்கினார். தங்கையும் கூட வந்திருந்தாள். நான்கு கூடாரம் போட்டு, ஐந்தாவது இடத்தில் வேனை நிறுத்தி, ஆறாவது இடத்தில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து இடம் என்பது அந்த நாற்காலி போட்ட இடம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. தங்கை வீட்டுக்காரர் என்னிடம் கிட்டங்கிச் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். மண்வெட்டியை எடுத்துத் தங்கள் கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் சரிவில் இறங்கி நேரே பள்ளத்துக்குப் போனது. நான் குடை பிடித்துக்கொண்டு போய், “தம்பி, தண்ணி கீழ அவங்க எடத்துக்குல்ல போகுது?” என்றேன். அதற்கு அவர், “பின்ன, தண்ணி மேலயா போகும்க்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சாயங்காலம் டிரைவர் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து வேறு இடம் கேட்டார். இடம் இல்லை என்று சொல்லி ஒரு தார்ப்பாயும் நான்கு பலகையும் கொடுத்தேன். “வண்டிதாம்மா ஓட்டத் தெரியும், படகு ஓட்டிப் பழக்கமில்ல” என்று சொல்லிவிட்டுப் பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நான் தங்கை வீட்டுக்காரரிடம் போய் வேனை எடுக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியாது. சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்வதில் அர்த்தமில்லை. என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அந்த அம்மாவையாவது அங்கே படுக்க வைத்திருக்கலாம். கூப்பிட்டால் மேட்டைப் பற்றிக் கேட்பார்களே என்று கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு மழை விட்டிருந்தது. நான் குழாயடியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அந்த அம்மா மேட்டுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைப் பெட்டி மேல் தூக்கி வைத்திருந்தார். டிரைவர் மேட்டுக்கு ஏறி வந்து, குழாயடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் சரிவில் இறங்குகிற இடத்தில் குனிந்து கையாலேயே சேற்றை அள்ளி அடைத்தார். என் தங்கை வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“யோவ், யாரக் கேட்டு மூடுற?”

“நீங்க யாரக் கேட்டு வெட்டுனீங்க, தம்பி? அவளால கால ஊனவே முடியல. ஒரு எடம் விட்டுக் குடுத்தா நாங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போயிடுவோம்.”

“அதெல்லாம் அக்காகிட்டப் போய்க் கேளு.”

டிரைவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் மறுபடியும் சேற்றை அள்ளக் குனிந்தபோது தங்கை வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினார். நான் தலை நிமிர்ந்து அதைப் பார்த்தேன். டிரைவர் மல்லாந்து விழுந்ததில் குழாயடிச் சிமெண்டு விளிம்பில் பின்தலை பட்டது. என் வாளிக்குப் பக்கத்தில்தான் விழுந்தார்.

அதன் பிறகு அவரை வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை வீட்டுக்காரர் ஓட்டினார். அடிக்க வேண்டும் என்று நினைத்து அவர் தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதுவும் உண்மை. தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, சேத்துல வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிடு. உன் வாயில இருந்து அந்த ஒரு வார்த்த வந்தாப் போதும்” என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன். பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்த அவர் மனைவியிடமும் சொன்னேன்.

டிரைவருக்குத் தலையில் ஆபரேஷன் ஆகிக் கண் திறந்துவிட்டார். வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. நேற்று மதியம் பார்க்கப் போனேன். அந்த அம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். “இந்த வயசுல சேத்துல யாரு ஓடச் சொன்னா? கண்ணு எங்க இருந்துச்சு? ரோட்டப் பாத்து ஓட்டத் தெரிஞ்ச மனுசனுக்குத் தரையப் பாத்து நடக்கத் தெரியலையே!” என்றார். அவர் இல்லை என்று தலையாட்டப் பார்த்தார், கழுத்து திரும்பவில்லை. வாயைத் திறந்தார், கஞ்சிதான் வழிந்தது. அந்த அம்மா அதைத் துடைத்துவிட்டு என்னிடம், “வழுக்கி விழுந்ததுக்கு யாரக் குத்தம் சொல்ல முடியும்? நீங்க இருந்தீங்களோ, உயிரோட கொண்டாந்து சேத்தீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே வருவதைத் தங்கையிடம் சொல்லவில்லை. இனி அவள் வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ‘கீழே தள்ளப்பட்டதாகத் தெரிகிறது’ என்று இருந்ததை, ‘தள்ளினார், நான் பார்த்தேன்’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். ‘இடம் ஒதுக்கியதில் தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஒரு வரி இருந்தது. தவறு தானாக வந்து நேரவில்லை, நான் செய்தேன் என்று எழுதுங்கள் என்றேன். அதிகாரி, “இது உங்களுக்கே பாதகமா முடியும்மா, பரவாயில்லையா?” என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அந்த வரியை அடித்துவிட்டுத் தவறு நான் செய்தேன் என்று எழுதினார். அடித்த இடத்தின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டேன். யாருடைய மிரட்டலுக்கும் சொல்லிக் கொடுத்தலுக்கும் உட்படாமல், கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: விசாரணை அதிகாரி