ஆகஸ்ட்ல பாத்த மனை

அலோ... அலோ, அண்ணே? நான்தான், வேளாங்கண்ணி பேசறேன்... ஆமா, ஆமா, பாரிஸ்லேந்து நீ வாங்கிப் போட்ட மனையிலதான் நிக்கிறேன். முழங்கால் தண்ணில... வந்துட்டாரு, வந்துட்டாரு. சர்ச்சு சாமியார் செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு ரோட்டோரமா நிக்கிறாரு. அடிக்கல்ல மந்திரிச்சிக் குடுத்தாரு, மேஸ்திரி வச்சாரு... எங்கயா? உள்ள போயிடுச்சி. பொளக்குன்னு... நான் சிரிக்கலண்ணே, மேஸ்திரிதான் சிரிக்கிறாரு. அண்ணே, கட்டப்போற வூட்டுக்குப் பின்னாடி எனக்கொரு ரூம் கேட்டேனே... சரி, சரி. அப்புறமா பேசலாம்.

இரு, வேற ஒண்ணு. ஈரநிலம் கணக்கெடுக்கறவங்க வந்திருக்காங்க. நிர்மலாதேவின்னு ஒரு பொண்ணு. இது சதுப்பா, ஏரியா, குளமான்னு வகை பிரிச்சி எழுதுமாம்... சொன்னேனே! மழைத் தண்ணி, நாலு நாள்ல வத்திடும்னு நீ சொல்லிக் குடுத்தத அப்படியே சொன்னேன். சம்புக் கோரை ஆள் ஒசரத்துக்கு நிக்குதேக்கா, நாலு நாள்லயா வளந்துச்சின்னு கேக்குது. கம்பிய எறக்கி அடிச்சேத்த எடுத்து என் மூக்காண்ட நீட்டுது. ஐயோ, அழுகுன முட்டை நாத்தம்...

என்னா? மனுஷன் வெட்டின குளம்னு சொல்லவா? அப்படின்னா ஈரநிலக் கணக்குல வராதா? இரு, கேக்குறேன்... அண்ணே, அது இன்னும் மோசம். அப்படின்னா சர்க்கார் நெலமான்னு பாப்பாங்களாம், பட்டாவுக்கே ஒல வச்சிடும். தானா உண்டான சதுப்புன்னா பட்டா ஒன்னோடதுதான், வூடுதான் கட்டக் கூடாது... மீன் பண்ணையா? வைத்திக்குப்பத்துல வாங்கியாந்து உடவா? அது கடல் மீன்ண்ணே, உட்டதும் மல்லாந்துடும்.

கத்தாத... கத்தாதண்ணே! நானா வாங்கச் சொன்னேன்? வருஷா வருஷம் லீவுக்கு ஆகஸ்ட்ல வர்ற. ஆகஸ்ட்ல பாத்தா எல்லாமே கிரவுண்டுதான். ஒரு தடவ ஐப்பசியில வந்து பாருன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். ஊரே கசகசன்னு கெடக்கும், எவன் வருவான்னு சொன்ன...

ஆங்... எழுதிட்டாங்கண்ணே. சதுப்பு. தானா உண்டானது... போட்டோவும் எடுத்தாச்சி. எங்க மாத்துறது?

அலோ? லைன்ல இருக்கியா?... ம்... என்னா திடீர்னு தங்கச்சிங்கற?... ம்... ம்... என் பேர்லயா? இந்த மனையவா? முழுசுமா?

எத்தினி வருஷம் வாடகை வூட்ல கெடக்குறேன். ஒரு ரூம்தான கேட்டேன்? ஒத்த ரூமு. அதுக்கு வாய் வரல ஒனக்கு... அழுவல. எனக்கென்னா... ஆமா, அழுவுறேன், போ! வயிறு எரியுது.

வேணாம், வேணாம். இங்க தண்ணியில நாமக்கோழி ஒண்ணு குஞ்சுங்களோட குடித்தனமே நடத்துது. அதும் பேர்ல எழுதி வச்சிடு. நன்றி, மெர்சிண்ணே. வச்சிடுறேன்.