இரண்டாவது பெயர்

திரையில் வேண்டாத வரி ஒன்று இருந்தாலும் எனக்கு உறுத்தும். வீட்டிலும் அப்படித்தான், கழுவிய தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் மறுபடி கழுவுவேன். இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நோயாளிக்கு மருந்தை அளந்து ஏற்றும் சிறிய மெஷின் ஒன்றுக்குத் திண்டுக்கல்லில் எங்கள் அலுவலகம் மென்பொருள் எழுதுகிறது. அளவைக் கணக்கிடும் பகுதி கிளெமென்ட்டுடையது. அலாரம் என்னுடையது. நினைவகத்தில் இரண்டுக்கும் ஒரு பக்கம் பொது. ஒரே நோட்டில் இரண்டு பேர் எழுதுவதைப் போல. மெஷின் தவறினால் கெர்னல் டீபக்கர் என்ற பிழை தேடும் கருவியில் திறந்து பார்ப்போம். எந்தப் பக்கம் யார் யாருக்குப் பொது என்று அது பெயர்களைக் காட்டும். அந்தக் காட்டும் பகுதியையும் நான்தான் எழுதினேன்.

எழுதியபோது என் அலாரத்தை ஓடவிட்டுத்தான் சோதித்தேன். எல்லாப் பக்கத்திலும் அதன் பெயரே வந்து திரையை அடைத்தது. அதை மட்டும் மறைக்க ஒரு வரி சேர்த்தேன். பிறகு எடுக்க மறந்துவிட்டேன். அதுவரை குற்றமில்லை, நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

போன ஆகஸ்டில் ஒரு மருத்துவமனையில் மருந்து அளவு தப்பி ஏறியது. நர்ஸ் பார்த்து நிறுத்திவிட்டார். நாங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தோம்.

“ஏலே கிளெமென்ட்டு, பேயா வந்து எழுதிட்டுப் போச்சு? ஒன் பேரு மட்டும்ல இருக்கு,” என்றார் மேலாளர் ராயப்பராஜ். எல்லாரும் சிரித்தார்கள்.

மதியம் தனியாக உட்கார்ந்து, என் பெயரை மறைக்கும் அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு பெயர்கள். தப்பாக எழுதியது என் அலாரம். வரியைப் பழையபடி வைத்தேன். அலாரத்தைத் திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் திருத்தவில்லை. எனக்குப் பதினான்கு வருட வேலை. அவனுக்கு இரண்டு. சின்ன வயதில் பட்ட கெட்ட பெயர் சீக்கிரம் ஆறிவிடும்.

மூன்று வாரம், இல்லாத பிழையைத் தன் பகுதியில் தேடினான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவான். ஒருநாள் என் மேசைக்கு வந்தான்.

“ரோசலின்க்கா, எனக்கே தெரியாம நானே தப்பா எழுதியிருப்பேனா?”

“இருக்கும்ப்பா. நம்ம தப்ப நம்ம கண்ணு அம்புட்டுச் சீக்கிரம் பாக்காதுல்ல.”

நம்பினான். நன்றிகூடச் சொன்னான். அந்த மாதமே வேலையை விட்டான்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் வேறொரு மருத்துவமனையில் மறுபடி அளவு தப்பியது. அங்கே இரண்டு வார்டுக்கு ஒரே நர்ஸ். அல்போன்சா என்ற பெண், பிரசவமாகி இரண்டு நாள், இறந்துபோனாள். யாரும் கூப்பிடாமலே கிளெமென்ட் வந்து, தான் எழுதியதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தத் தாள் உங்களிடம் இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறான். உங்கள் ஆள் என் வரியைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் இருவருக்காகவும் வேண்டச் சொல்லிப் பூசைக் கருத்துக் கொடுக்கிறேன். பூசைக்கு முன் வாசிப்பார்கள்: அல்போன்சாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கிளெமென்ட்டின் மன அமைதிக்காக, ஒப்புக்கொடுப்பவர், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர். அதைக் கேட்கும்போது மட்டும் எனக்கு எதுவும் உறுத்துவதில்லை.