படிக்காமல் போட்ட பதினோரு கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் கிளைத் தலைவர் அவர்களே, தலைமையகத்திலிருந்து கோப்பும் கையுமாக வந்திருக்கும் பிரதிநிதி அவர்களே, துறைமுகத் தோழர்களே, இடமில்லாமல் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மை விட்டுப் போன நம் சமாதான இயக்கக் கிளைச் செயலாளர், முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவர், எனக்கு அத்தை. உங்களுக்குக் 'காற்புள்ளி அக்கா'. ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று, சந்தேகப்பட்டு, பிறகுதான் அடுத்த சொல்லுக்கு நகர்வார். நானும் இன்று சந்தேகப்படப் போகிறேன். குடும்ப வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்!

மண்டப வாசலில் ஓர் அட்டை இருக்கிறது, அதில் ஒரு தாள். அஞ்சலிக் கையெழுத்தாம். கீழ்ப்பாதியில் கோடுகள். மேல்பாதியில் என்ன எழுதியிருக்கிறதோ, அதன்மேல் அத்தையின் படம். நான்கு மூலையிலும் கிளிப். எதற்கு நான்கு? அத்தை எழுந்து ஓடிவிடுவார் என்று பயமா? பிரதிநிதி அண்ணனிடம் கேட்டேன்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்மா. போட்டுட்டுப் போ."

"படத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?"

"செத்தவங்க படத்துல விளையாடாதே!"

விளையாடுவது யார், தோழர்களே?

திங்கட்கிழமை ஆயுதப் பெட்டிகளோடு ஒரு கப்பல் நம் துறைமுகத்துக்கு வருகிறது. கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகளில் நம் இயக்கத்தார் அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கும் கிரேன் அண்ணனும் இன்னும் ஆறு பேரும் அந்தப் பெட்டிகளை இறக்க மறுக்கப் போகிறார்கள். ஏழு பேர் தனியாக நின்றால் ஏழு வேலையும் போகும். கிளை முழுவதும் துறைமுக வாசலில் துணை நிற்கும் என்று அத்தை எழுதி, உங்களிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து கிரேன் அண்ணன் கேட்டார்:

"நீங்க இல்லேன்னாலும் வருவாங்களாக்கா?"

"படிச்சுட்டுப் போட்டவன் வருவான்டா."

அதுதான் அத்தை! வெளிநாட்டில் சிறையிலிருந்த ஒரு நர்ஸை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியபோது, இஸ்திரிக் கடைக்காரரை முழுக்க உரக்கப் படிக்க வைத்தார். "கையெழுத்துக் கேட்டா பரீட்சை வைக்கறியேம்மா!" என்று எரிந்து விழுந்தார் அவர். 'எட்டு மாதக் கர்ப்பிணி' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். "பேனாவைக் குடு" என்றார். அதன்பிறகு பதினான்கு ஆண்டுகள் எந்த ஊர்வலத்திலாவது அவர் இல்லாமல் இருந்ததுண்டா?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு சமாதான உறுதிமொழிக்கு நடுவே நான் ஒரு வரியைச் செருகினேன்: 'ஞாயிறுதோறும் மாடிப்படியைக் கழுவுவோம்.' பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் மாமாதான் முதல் ஆள்! அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பதினோரு பேரையும் கழுவ வைத்தார். தண்ணீர் சுமந்தது நான். ஆகவே தோழர்களே, படிக்காதவர்களிடம் கையெழுத்து வாங்கும் தொழிலில் இந்த மண்டபத்திலேயே நான்தான் சீனியர். வாசலில் இருக்கும் அட்டையில் எனக்கு என் கைவரிசையின் வாடைதான் அடிக்கிறது.

திங்கட்கிழமைப் போராட்டத்தை ஒத்திவைக்கலாமே என்று போன வாரம் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இந்த வாரம் அட்டை வருகிறது. இரண்டும் சொந்தக்காரர்களா, வழியில் பழக்கமானவர்களா?

தலைவர் மாமா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'அமைதி காக்கவும்.' மாமா, அமைதி நம் பேனரிலேயே இருக்கிறது. பக்கத்தில் சமூக நீதியும் இருக்கிறது. "அமைதின்னா வாயை மூடிக்கறது இல்லடி, துப்பாக்கி வாயை மூடறது" என்பார் அத்தை.

பிரதிநிதி அவர்களே, படத்தை எடுத்துவிட்டு அந்தத் தாளை இந்த மைக்கில் வாசியுங்கள். வெறும் இரங்கல்தான் என்றால் இதே மேடையில் காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன். ஒத்திவைப்பு என்றால், அறுபத்துநான்கு பேர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். போட்ட கையெழுத்தை அடிப்பதற்கு என்னிடம் சிவப்புப் பேனா இருக்கிறது, அத்தையுடையது.

அத்தை, உன் வேலையை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் துறைமுக வாசலில் இருப்பேன். தாளில் என்ன இருந்தாலும் இருப்பேன். இன்னும் யார் வருகிறீர்கள்?

கையெழுத்து வேண்டாம். கையைத் தூக்குங்கள். கிரேன் அண்ணா, திரும்பி இந்தக் கைகளைப் பாருங்கள்.