தேசிக்காய்மேல் போட்ட பழி

"உன்ரை முதலாளி பொய்யன். தேசிக்காய் ஒருத்தரையும் விழுத்தேல்லை."

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்த அவள் தம்பிக்கு, திராட்சைத் தோட்ட மலைகளைச் சுற்றி வெள்ளைக்காரரைச் சைக்கிளில் கூட்டிப்போகும் கடையில் வேலை.

"புதுச் சைக்கிள் எண்டுதானே அக்கா, சில்லுக்குக் கீழை எலுமிச்சை வைச்சு நசிச்சனான். கடை வாசலிலையே கழுவியும் விட்டனான். அந்தச் சைக்கிளை எடுத்த வெள்ளைக்கார மனுசி விழுந்தது மலையிலை, இறக்கத்திலை."

"பிரேக் சரியில்லை எண்டு அவனுக்குச் சொன்னியோ?"

"முதல் நாளே சொன்னனான். வாயை மூடிக்கொண்டு சைக்கிளை வானுக்குள்ளை ஏத்து எண்டான். இப்ப நான் சூனியம் செய்தனாம். வந்த சனத்துக்கு முன்னாலை சொல்லி, வேலையாலையும் நிப்பாட்டிட்டான். வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோ புதுப்பிக்கேலாது, அக்கா."

"சூனியம் தெரிஞ்சிருந்தா முதல்லை அவன்ரை வாயையெல்லோ கட்டியிருப்பாய்!"

தம்பி சிரிக்கவில்லை. அவள் குரல் இன்னும் உயர்ந்தது.

"நாளைக்கு நானும் வாறன். சைக்கிள் எடுக்க வாற சனம் எல்லாம் நிக்கேக்கை கேப்பன். பிரேக் பிழை எண்டு என்ரை தம்பி சொன்னவனோ, இல்லையோ? அவையளுக்கு முன்னாலையே அவன் பதில் சொல்லட்டும்."