பெத்லகேமில் போட்ட முழங்கால்

வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் டெலிபோன் பூத் வரிசை. ஊரில் விபத்தில் காலொடிந்து கிடக்கும் மகனின் குரலை இன்னொரு முறை கேட்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் இருவர். இளையவரின் மனைவியைக் காலையில் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்களாம்.

“அண்ணாச்சி, நான் பெத்லகேம்ல முழங்கால் போட்டதுக்கு ஃபாதர் சத்தம் போட்டுட்டாரு,” என்றார் அவர்.

“நீ எப்பல பெத்லகேம் போன?”

“நெசமா போனா பாஸ்போர்ட்ல யூத நாட்டு முத்திரை விழுந்துரும், திரும்ப இங்க விடமாட்டான். கம்பெனி வேலையா ஜோர்டான் போனேம்லா, அங்க ஒரு பழைய மாதா கோயில். தரையில பொடிப்பொடிக் கல்லு பதிச்சு, அந்தக் காலத்துலயே மேப்பு போட்டிருக்கான். எருசலேம், யோர்தான் ஆறு, ஆத்துல மீனு, எல்லாம் இருக்கு. புள்ள உண்டானா பெத்லகேம்ல முழங்கால் போடுதேன்னு நேர்ந்திருந்தேன். செருப்பக் கழட்டிட்டு, சுத்திக் கட்டியிருந்த கயித்தத் தாண்டிப் போயி அதுலயே போட்டுட்டேன்.”

“அதுல பெத்லகேம் எம்புட்டுப் பெருசு?”

“உள்ளங்கை அளவு.”

“ஒன் முழங்காலுக்கு அது காணாதே. பக்கத்து ஊரையும்லா அமுக்கியிருப்ப! நேர்ச்சை செல்லுமால?”

“பயங்காட்டாதிய அண்ணாச்சி.” அவர் முகம் வாடிவிட்டது.

பூத்துக்குள் போனவர் கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி வெளியே வந்தார்.

“ரெட்டைப் புள்ளையாம் அண்ணாச்சி! மூணு பேரும் சுகம்.”

“சொன்னேம்லா? பக்கத்து ஊரையும் சேத்துல்லா அமுக்கியிருக்க!”