டொக்டரம்மாவின்ர கார்த்திகைப் பொங்கல்

எழும்பாதேங்கோ விஜி தம்பி, எழும்பாதேங்கோ. படுத்திருந்தே கேளுங்கோ. ஓம், மீனம்மாதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறின உடன உங்களுக்குச் சமைச்சுப் போடுற ஆளையே மறந்துபோட்டுதோ? காய்ச்சல் விட்டிட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். இந்தாங்கோ, முதல்ல கஞ்சியைக் குடியுங்கோ. மற்றப் பொதியோ? அதை இப்ப காட்டமாட்டன். மலேரியாக்காரருக்குக் குடுக்கலாமோ எண்டு கேட்டுப்போட்டுத்தான்.

நேற்றையான் விருந்தோ? அதைச் சொல்லத்தானே வந்தனான். நல்ல ஆள் நீங்கள். வருசம் முழுக்க எங்களுக்கும் லின்டா டொக்டருக்கும் நடுவில நிண்டு தமிழை இங்கிலிசாக்கி, இங்கிலிசைத் தமிழாக்கி, அதுக்கெண்டு சம்பளமும் வாங்கிக்கொண்டு, மெய்யாத் தேவைப்பட்ட அண்டைக்கெண்டு பாத்துக் குளிர்காய்ச்சல்ல விழுந்தீங்கள். அவா சொன்னது எங்களுக்கு விளங்கேல்லை, நாங்கள் சொன்னது அவாக்கு விளங்கேல்லை. கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சு எனக்குத் தோள்மூட்டு நோகுது.

ஓமோம், என்ன நாள் எண்டு நீங்கள்தானே விளங்கப்படுத்தினனீங்கள். அமெரிக்காவில கார்த்திகை மாசத்து வியாழன் ஒண்டில, எங்கெங்கையோ இருக்கிற பிள்ளையள் எல்லாம் தாய் வீட்டுக்கு ஓடி வந்து, வெட்டின வெள்ளாமைக்கு நன்றி சொல்லி, வயிறு முட்டத் தின்னுற நாள். அவையின்ர பொங்கல் எண்டனீங்கள். அப்ப ஆருக்குப் பொங்குறது, சூரியனுக்கோ எண்டு கேட்டனெல்லே. டொக்டரம்மா முகட்டைப் பாத்தா, பிறகு மேசையைப் பாத்தா, பிறகு அது ஆளாளுக்கு வேற எண்டா. ஆருக்கெண்டு தெரியாமல் நன்றி சொல்லுற சனத்தை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

ஆனா அந்தக் கப்பல் கதை எனக்குப் பிடிச்சுது, தம்பி. கப்பல்ல வந்து இறங்கின சனம் பசியில சாகக் கிடக்க, அந்த ஊர்ச்சனம் சோளனும் இறைச்சியும் குடுத்துக் காப்பாத்தினதாம். எழுபத்தேழுக் கலவரத்தில தேயிலைத் தோட்டத்தில இருந்து எங்களை அடிச்சுக் கலைக்க, நாங்களும் உப்பிடித்தானே உடுத்த துணியோட தர்மபுரத்தில வந்து இறங்கினனாங்கள். எங்களுக்கும் ஆரோ கஞ்சி காய்ச்சி ஊத்தினவைதான். அதுதான் கேட்டன், சாப்பாடு குடுத்த அந்தச் சனம் இப்ப எங்கை இருக்கினம், அவையின்ர காணி பூமி என்னாச்சு எண்டு. நான் குத்திக் கேக்கேல்லை, மெய்யா அறியத்தான் கேட்டனான். அவாவின்ர முகம் சிவந்து போச்சு. நீங்களும் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டீங்கள்.

சரி, வான்கோழிக் கதைக்கு வாறன். அது இல்லாமல் அந்த நாளே இல்லையாம். வன்னியில ஆர் தம்பி வான்கோழி வளக்கிறது? எங்கட காவல்கார ராசுவைத் தெரியும்தானே. மயில் பிடிச்சுத் தரட்டோ எண்டு கேக்கிறான். வான்கோழியும் செட்டை விரிக்கும், மயிலும் விரிக்கும், வெள்ளைக்காரிக்கு என்ன தெரியப்போகுது எண்டு. முருகன்ர வாகனத்தைச் சட்டியில போடவோடா எண்டு அகப்பையை எடுத்துக்கொண்டு போனன்.

பிறகு ஒட்டுசுட்டானில ஒரு வீட்டில வான்கோழி நிக்குது எண்டு ஆரோ சொல்லி, அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். விடிய வெளிக்கிட்டவன், மைமல் இருட்டிலதான் வந்தான். சேறு முழங்கால் மட்டும். வான்கோழி இல்லை, ஒரு சேவல்.

ஏன் குடுக்கேல்லை எண்டு கேளுங்கோ. அந்த வீட்டுக்காரி சொன்னாவாம், என்ன தந்தாலும் தரமாட்டன் எண்டு. குண்டு போடுற கிபிர் பிளேன் வரேக்கை எங்களுக்குச் சத்தம் கேக்க முதல் அதுக்குக் கேட்டிடுமாம். கழுத்தை நீட்டிக் கொண்டு கத்துமாம். அது கத்தினா அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க அடுப்பையும் விட்டுப்போட்டுப் பங்கருக்க ஓடுறவையாம். தன்ர மனிசனைக் கேட்டாலும் யோசிக்கலாம், உதைக் கேக்காதை எண்டாவாம்.

இதை டொக்டரம்மாவுக்கு விளங்கப்படுத்த நானும் ராசுவும் பட்ட பாடு! நான் கிபிராய் மாறிக் கையை விரிச்சுக்கொண்டு குசினியைச் சுத்தி வாறன், அவன் வான்கோழியாய்க் கழுத்தை நீட்டிக் கத்துறான். சிரியாதேங்கோ, கஞ்சி புரைக்கேறும். நேர்ஸ் பிரேமிளா வந்துதான் அரைகுறை இங்கிலிசில சொன்னவா. கேட்டுப்போட்டு டொக்டரம்மா கண்ணில தண்ணி வரச் சிரிச்சா. அவையின்ர நாட்டிலயும் இந்த நாளில ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு மன்னிப்புக் குடுத்து உயிரோட விடுறவராம். அது என்ன குத்தம் செய்தது, மன்னிக்கிறதுக்கு? கேக்கலாமெண்டு பாத்தன். கப்பல் கதையில பட்டது போதுமெண்டு பேசாமல் விட்டிட்டன்.

சேவலைத்தான் செய்தம். எப்பிடியெண்டா, வெட்டாமல் முழுசா. அதின்ர வயித்துக்குள்ள பேக்கறிப் பாணைப் பிச்சு அடைக்கிறது. நாங்கள் பாணோட கோழி தின்னுறம், அவை கோழிக்குள்ள பாணை வைச்சுத் தின்னுகினம், அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு மனதைத் தேத்திக்கொண்டன். மிளகாய்த்தூள் போடக் கூடாதாம். அவா அங்காலை திரும்பேக்கை ஒரு கரண்டி போட்டிட்டன். சொல்லிப்போடாதேங்கோ. உருளைக்கிழங்கு மசிக்கோணுமாம். ஆமி சாமான் விடாத இந்தத் தடைக்குள்ள உருளைக்கிழங்குக்கு நான் எங்கை போறது? மரவள்ளியை அவிச்சு, நிவாரணப் பால்மாவைக் கரைச்சு ஊத்தி மசிச்சன். நல்லாத்தான் இருந்தது, ஆனா கரண்டியைக் குத்தினா கரண்டி நிமிந்து நிண்டுது.

இன்னொண்டு கேளுங்கோ. கோழிக்குத் தொட்டுத் தின்ன ஒரு சிவப்புப் பழத்துப் பாணி வேணுமாம், புளிப்பும் இனிப்புமாய். அந்தப் பழத்தின்ர பேர் என்ர வாயில நுழையேல்லை. விளாம்பழத்தைச் சர்க்கரையோட காய்ச்சினன். ருசி சரியாம், நிறம்தான் சரியில்லையாம். மண்ணிறமாக் கிடக்கு. பிரேமிளா ஓடிப்போய் வேலியில நிண்ட செவ்வரத்தம்பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்து பிழிஞ்சு விட்டா. சிவப்பாகேல்லை, ஊதாவாப் போச்சு. டொக்டரம்மா அதையும் படம் எடுத்தவா.

கடைசியா அந்தப் பூசணிக்காய். பூசணிக்காயைக் களியாய்க் கிண்டி மாத்தட்டில ஊத்திச் சுடுறது. எங்கட அடுப்பில வேகாதெண்டு பேக்கறிப் பொன்னையா அண்ணையின்ர போறணைக்குக் கொண்டுபோனன். அந்தாள் மூடியைத் திறந்து மணந்து பாத்திட்டு, பூசணிக்காய்க்குச் சீனி போட்ட ஆக்களை நான் இதுவரைக்கும் காணேல்லை, ஆருக்கு மீனம்மா வருத்தம், மருந்தோ இது எண்டு கேட்டார். உங்களையும் கூப்பிட்டிருக்கு எண்டன். உடன போறணையைத் துடைச்சுத் தந்தார்.

ஓம், அந்தப் பொதி அதுதான். உங்கட பங்கு. மணந்து பிடிச்சுப்போட்டீங்கள் என்ன? சரி, ஒரு வாய் தின்னுங்கோ. மெல்ல.

பின்னேரம் மேசையில இருந்தம். நல்ல மழை. டொக்டரம்மா, பிரேமிளா, ராசு, பொன்னையா அண்ணை, நான். நான் பரிமாறப் போக, கையைப் பிடிச்சுக் கதிரையில இருத்திப்போட்டா. அண்டைக்கு ஒருத்தரும் நிண்டு பரிமாறக் கூடாதாம். உங்கட கதிரையை வெறுமனே வைச்சிருந்தது. தின்ன முதல் ஒவ்வொருத்தரா, இந்த வருசத்தில எதுக்கு நன்றி எண்டு சொல்லோணுமாம். அதுதான் முக்கியமாம், கோழி பிறகுதானாம். பசியோட இருந்து பேச்சுக் கேக்கிறது எங்கட கூட்டங்கள் மாதிரித்தான்.

டொக்டரம்மா தமிழிலயே சொன்னவா. அம்மாக்கு நன்றி, மழைக்கு நன்றி, மீனாக்கு நன்றி, பிழைச்ச பிள்ளையளுக்கு நன்றி. நீங்கள் பழக்கினதாக்கும், நல்லாத்தான் சொன்னவா. பொன்னையா அண்ணை மா வந்ததுக்கு நன்றி எண்டார். ராசு, சேவலுக்கு ரெண்டு கால் இருக்கிறதுக்கு நன்றி எண்டு சொல்லி, ரெண்டையும் தன்ர பக்கம் திருப்பி வைச்சான். பிரேமிளா இங்கிலிசில ஏதோ மெதுவாச் சொன்னா. பிறகு என்ர முறை.

நானும் சொன்னனான்தான். தமிழில. டொக்டரம்மா எங்கட முகங்களை மாறி மாறிப் பாத்து, என்ன, மீனா என்ன சொன்னவா எண்டு கேக்கிறா. ஒருத்தரும் சொல்லேல்லை. பொன்னையா அண்ணை கோழியை வெட்டத் தொடங்கிட்டார். இண்டைக்கு அவா உங்களைப் பாக்க வரேக்கை கட்டாயம் கேப்பா, தம்பி. அதுக்குள்ள நான் வந்து சொல்லிப்போட வேணுமெண்டுதான் மழையோட ஓடி வந்தனான்.

மெய்யா என்ன சொன்னனானோ?

என்ர மகன் பரமேசு இயக்கத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும்தானே. போன வருசம், சந்தைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். அதுக்குப் பிறகு ஒரு துண்டுக் கடிதமில்லை, ஒரு ஆள் வந்து கண்டம் எண்டு சொன்னதில்லை. நேற்று அந்த மேசையில இருக்கேக்கை எனக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லை. விடிஞ்சா இயக்கத்தில செத்த பிள்ளையளுக்கு விளக்கு வைக்கிற நாள். ஊரெல்லாம் துயிலுமில்லக் கல்லறையளுக்கு வெளிக்கிடும். எனக்குப் போய் விளக்கு வைக்க ஒரு கல்லு இன்னும் இல்லை, அதுக்கு நன்றி எண்டன்.

ஓம். பிரேமிளா பக்கத்திலதான் இருந்தவா. அவாவின்ர தம்பியின்ர கல்லு விசுவமடுவில கிடக்கு. சொன்னாப் பிறகுதான் எனக்கு அது தலைக்குள்ள ஏறினது. நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

கோவிக்கேல்லைத் தம்பி. அதுதான் எனக்குத் தாங்கேல்லை. தன்ர கோப்பையில இருந்த ஈரலை எடுத்து என்ர கோப்பையில வைச்சா, சின்னப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. தின்னுங்கோ அக்கா, ஆறப்போகுது எண்டா. நான் திண்டன். பிறகு கோப்பை கழுவேக்கை, அக்கா நாளைக்கு என்னோட வாறீங்களோ எண்டு கேட்டா. அவாவின்ர தாய் நடக்கமாட்டா, தனியப் போக மனமில்லையாம்.

எனக்குப் பயமாத்தான் இருக்கு. அந்த வாசலை மிதிச்சாப் பிறகு என்ர வீட்டுப்படி ஏறிச் சாவுச் செய்தியோட ஆரும் வந்திடுவினமோ எண்டு ஒரு பயம். விசர்ப் பயம், தெரியும். ஆனா வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.

டொக்டரம்மாவுக்கு நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ. மெய்யைச் சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ, அவாவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. அந்தக் களித்துண்டை மிச்சம் வைக்காமல் தின்னுங்கோ.

படலையடியில பிரேமிளா சைக்கிளோட நிக்கிறா. வானம் திரும்பவும் கறுக்குது. மழைக்குள்ள விளக்கு நூராமல் குடை பிடிக்க ஒரு ஆள் வேணும் அந்தப் பிள்ளைக்கு. போட்டு வாறன், தம்பி.